வெறும் குளுக்கோஸ் போதும் என்றேன்

என் மனைவிக்கு ஒரு ஜீப்பு இரண்டாகத் தெரிந்தது. எங்களுக்கு வந்த நோயின் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐப்பசி மாதக் கடைசி. நான் போடிமெட்டிலிருந்து இறங்கி வந்த ஜீப்பு, ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டு முன்னால் நின்றது. தனம் வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன மாமா, இன்னிக்கு ரெண்டு ஜீப்பு வந்திருக்கு?" என்று கேட்டாள்.

கேலி பேசுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு மாதமாக வாந்தி எடுத்துப் படுத்தே கிடந்தவள், கேலி பேசும் அளவுக்குத் தேறிவிட்டாளே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. "ஆமா, ஒண்ணுல நான் வந்தேன். இன்னொண்ணுல உனக்கு இன்னொரு புருசன் வந்திருக்கான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அவளுடைய கருவிழிகள் இரண்டும் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் திரும்பியவள் நிலைப்படி இருக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சுவரில் போய் மோதினாள்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியம்தான் இதை எழுத வைத்திருக்கிறது. அவளைத் தூக்கி உட்காரவைத்து, "பலவீனம்தான், வா, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துருவோம்" என்றேன்.

நான் மருத்துவன் அல்ல. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்ப்பவன். பறித்து வந்த பச்சைக் காயை விறகு அடுப்பின் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்று பெயர். தனம் போடியில் ஒரு கோடவுனில் காய் தரம் பிரிக்கிறவள். கல்யாணமாகி ஆறாம் வருடம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அந்த ஆறு வருடமும் நாங்கள் கேட்ட கேள்விகளை இதே நிலையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நாங்கள் மூன்று பேரும் காவல் நின்றோம். நான், தனம், அவளுடைய அம்மா. என் அத்தை பொல்லாதவள் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருப்பவள். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் வாந்தி தொடங்கியது. எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்தோம். பத்து நாளில் அது எல்லாருக்கும் வருவது இல்லை என்று தெரிந்துவிட்டது. சோறு வேகும் வாசனைக்கே ஓடினாள். கோடவுன் பக்கம் போகவே முடியவில்லை. இளநீர், ரசம், பிஸ்கட், எது கொடுத்தாலும் அரை மணி நேரம் உள்ளே நிற்காது. இதற்கு ஹைபரெமெசிஸ் (கர்ப்ப காலத்தில் உடம்பை வற்றவைக்கும் கடும் வாந்தி) என்று பெயர் உண்டு என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

போடியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கிளினிக். டாக்டர் நல்ல மனிதர். முதல் தடவை போனபோது வாந்திக்கு மாத்திரை கொடுத்து, ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டார். சிறிய குப்பி ஒன்றை உடைத்து, ஊசியில் உறிஞ்சி, அந்தப் பாட்டிலுக்குள் செலுத்தினார். தண்ணீர் மாதிரி இருந்தது பொன் மஞ்சளாக மாறியது. தனம் கையில் அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் அவள் முகத்தில் களை வந்தது.

ஆனால் அன்று அவளுக்குச் சிறுநீர் மஞ்சளைக் கரைத்து ஊற்றினது போலப் போயிற்று. அத்தை பதறிப்போனாள்.

"பாத்தீகளா மாப்ள, இம்புட்டு மஞ்சளாப் போகுதுன்னா ஒடம்புல எம்புட்டு சூடு ஏறியிருக்கணும்? புள்ளத்தாச்சிக்கு ஆகுமா? பப்பாளியையே வீட்டுக்குள்ள விடாம வச்சிருக்கோம். அந்த மஞ்ச ஊசிதான் காரணம். அதை மறுக்கா போட விடாதீக."

எங்கள் ஊரில் சூடு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, கரு தங்கவில்லை என்றாலும் சூடு. ஆறு வருடமாகத் தனத்துக்குப் பிள்ளை தங்காததற்கு ஊரார் சொன்ன காரணமும் அதுதான். எனக்கும் பகீர் என்றது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் என்றால், நான் அத்தை பக்கம் நிற்கிற ஆள்.

நாலு நாள் கழித்து மறுபடியும் போனோம். டாக்டர் அந்தக் குப்பியை எடுத்தார்.

"சார், அந்த மஞ்ச ஊசி வேணாம். வெறும் குளுக்கோஸ் போதும்" என்றேன்.

"இது சத்து ஊசிப்பா. பி காம்ப்ளக்ஸ். ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னா எதுக்கு சார் போடணும்?"

அங்கே உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, குப்பியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு எத்தனையோ முறை போனோம். பாட்டில் ஏறினால் இரண்டு நாள் தாங்கும், மறுபடி விழுவாள், மறுபடி ஏற்றுவோம். ஒவ்வொரு முறையும் நான் மறக்காமல் சொல்வேன், வெறும் குளுக்கோஸ். கடைசியில் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ராசிங்காபுரத்துக்காரர் வந்தால் மஞ்சள் ஊசி கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. "சாப்பாடு இத்தன வாரமாத் தங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரில சேத்துருப்பா" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "சீசன் நேரம் சார், தீபாவளி கழியட்டும்" என்றேன். தீபாவளியும் கழிந்தது.

ஜீப்பு இரண்டாகத் தெரிந்த அன்று டாக்டர் ஊரில் இல்லை. நர்ஸ் தயங்கினாள். "கண்ணு ஒரு மாதிரி இருக்கேண்ணே. டாக்டர் பாக்காம..." என்று இழுத்தாள். நான்தான் அவசரப்படுத்தினேன். "ரெண்டு மாசமா இதுதானம்மா போடுறீங்க. வெரசாப் போடு, நான் திரும்ப மலைக்குப் போகணும்." அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டாகக்கூட இல்லை, இல்லவே இல்லை.

பாட்டில் பாதி இறங்குவதற்குள் தனத்தின் பேச்சு குழறியது. மூச்சு வேகமாக வாங்கியது. என்னைப் பார்த்து, "காய் இன்னும் ஈரமா இருக்கு, மூட்டை கட்டாதீங்க" என்றாள். கோடவுனில் யாரிடமோ பேசுவது போலப் பேசினாள். நர்ஸ் ஓடி வந்து சொட்டை நிறுத்தினாள். "அண்ணே, இங்க வச்சிருக்க வேணாம். மதுரைக்குக் கொண்டு போங்க" என்றாள்.

உசிலம்பட்டி தாண்டும்போது காரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தலை என் பக்கம் திரும்பியது. கண்கள் திரும்பவில்லை. வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். தனத்தின் முகத்துக்கு நேராக ஒரு பேனாவைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கண்கள் பேனாவைத் தொடரவில்லை, நின்ற இடத்தில் துடித்தன. என் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளா வாந்தி?"

"ரெண்டு மாசத்துக்கு மேல மேடம். எதுவுமே தங்கலை."

"குளுக்கோஸ் ஏத்துனீங்களா?"

"நிறைய ஏத்தியிருக்கோம் மேடம். இன்னிக்குக்கூட ஏத்திட்டுத்தான் வர்றோம்." அக்கறையாகப் பார்த்துக்கொண்ட புருசன் என்று அவர் நினைக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னேன்.

"அதுல விட்டமின் ஏதாவது சேத்துப் போட்டாங்களா?"

"மஞ்ச ஊசியா மேடம்? அது ஒரு தடவைதான். சூடுன்னு நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. நர்ஸிடம் திரும்பி, "தயமின். இப்பவே. அது ஏறுற வரைக்கும் ஒரு சொட்டு குளுக்கோஸ் போகக் கூடாது" என்றார். குளுக்கோஸ் கூடாதா? பச்சைப் பிள்ளைக்குக்கூடக் கொடுக்கிற குளுக்கோஸா?

மறுநாள் அவர் ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டு எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

நாம் சாப்பிடுவது குளுக்கோஸாகி ரத்தத்தில் ஓடுகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லும் அதை உள்ளே வாங்கி, முதலில் இரண்டு துண்டாகப் பிளக்கிறது. கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸைப் பிளத்தல்) என்பது இதுதான். இதில் கிடைக்கும் சக்தி சொற்பம். பெரும்பங்கு அந்தத் துண்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. பைருவேட் (பாதி குளுக்கோஸ்) என்று அந்தத் துண்டுக்குப் பெயர். அது மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி எடுக்கும் சின்ன அறை) என்ற இடத்துக்குள் போய், நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து படிப்படியாக எரிந்தால்தான் முழுச் சக்தியும் வெளியே வரும். அந்த அறைக்குள் அதைச் சேர்த்துவிடும் வேலைக்கு ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் தயமின் (பி1 விட்டமின்).

தயமினை உடம்பு அதிகம் சேர்த்து வைக்காது. சில வாரச் சாப்பாடு தங்காமல் போனால் கையிருப்பு தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் குளுக்கோஸ் மட்டும் ஏற்ற ஏற்ற, ஒட்டியிருந்த மிச்சத் தயமினும் செலவாகும். பிளந்த துண்டுகள் உள்ளே போக வழியில்லாமல் வெளியே தேங்கி, லாக்டிக் அமிலமாக (ரத்தத்தைப் புளிக்கவைக்கும் அமிலம்) மாறும். மூச்சு வாங்கியது அதனால்தான். மூளை குளுக்கோஸை நம்பியே பிழைப்பது. அதில் கண்ணசைவையும் நடையையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகள் முதலில் அடிவாங்கும். இதற்குப் பெயர் வெர்னிக்கே நோய் (பி1 இல்லாமல் மூளையின் நடுப்பகுதி கெடுவது).

"அவங்களுக்குத் தெம்பு வரணும்னுதான் குடுத்தீங்க. ஆனா ரத்தம் நிறைய சக்கரை ஓடும்போது செல்லு உள்ள பட்டினி கிடந்துச்சு" என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். ஸ்டோரில் புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதானே. காற்று வழி அடைத்திருக்கும்போது அடுப்பில் விறகைத் திணிக்காதே, சூடு வராது, புகைதான் வரும், காய் முழுக்கக் கறுத்துப்போகும். பன்னிரண்டு வருடமாக ஊரான் காய்க்கு இந்தப் பக்குவம் பார்த்தவன், என் பெண்டாட்டிக்கு விறகைத் திணித்திருக்கிறேன்.

"அந்த மஞ்ச ஊசி?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுல பி1 இருக்கும். அவங்களுக்கு அது மட்டுமே போதுமா இருந்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கொஞ்சமாவது பி1 உள்ள போயிருக்கும்." பிறகு, "அந்த மஞ்சள் நிறம் பி2 விட்டமினோட நிறம். சிறுநீர்ல மிச்சம் வெளிய வர்றது. சூடு இல்ல" என்றார்.

நிறம். வெறும் நிறம். வராந்தாவுக்கு வந்து அத்தையிடம் சொன்னபோது, அவள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. நெஞ்சுக்குள் எனக்கும் அவள்மேல் அத்தனை ஆத்திரம் இருந்தது. என்மேல் அதைவிட அதிகமாக இருந்தது.

தயமின் ஏறிய மறுநாளே தனத்தின் கண்கள் அசையத் தொடங்கின. மூன்றாம் நாள் துடிப்பு வெகுவாக அடங்கியது. என்னை ஒருவனாகவே பார்த்தாள். நான் நர்ஸின் காலில் விழப்போனேன். அன்று பகல்தான் வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். பதினான்கு வாரம். இதயத் துடிப்பு இல்லை.

தனத்திடம் நான்தான் சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க என் கையை விடவில்லை. பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அதற்கு மறுநாள் காலை கண் விழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, புள்ள எப்படி இருக்காம்?" என்று கேட்டாள்.

முதலில் எனக்கு அவள் கேட்பது விளங்கவில்லை. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் திரும்பவும் சொன்னேன். திரும்பவும் அதே சத்தம், முதல் தடவை கேட்பவள் போடும் அதே சத்தம். அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும்.

ஞாபகத்தைப் பதிய வைக்கும் இடம் அடிபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பழையது இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் யார் என்ன மொய் செய்தார்கள் என்றுகூடச் சொன்னாள். ஒரு கைப்பிடி ஏலக்காயைக் கொடுத்துப் பார்த்தோம். பேசிக்கொண்டே பருவெட்டு, நடுத்தரம், சொத்தை என்று போர்வைமேல் மூன்று குவியலாகப் பிரித்துவிட்டாள். ஆனால் காலையில் இட்லி தின்றாளா என்று கேட்டால் தெரியாது. தெரியாது என்றும் சொல்ல மாட்டாள். "கோடவுன்ல இருந்து இப்பத்தானே வந்தேன், அங்கயே பொங்கல் சாப்பிட்டேன்" என்பாள். கட்டிலை விட்டு இறங்காதவள், கூட வேலை செய்தவள் கட்டியிருந்த சேலையின் நிறம் வரைக்கும் சொல்வாள்.

"பொய் சொல்லல. ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்த மூளை கையில கிடைச்சத வச்சு அடைக்குது. அவங்களுக்கு அது நிஜம்" என்றார் டாக்டர். மருந்தைத் தொடர்ந்து ஏற்றினார்கள். ஞாபகம் எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்று நான் கேட்கும்போதெல்லாம், "காத்திருந்து பாப்போம்" என்ற ஒரே பதில்தான். அவர் பொய் சொல்லாததற்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். அன்றைக்கு எரிச்சலாக வந்தது.

அத்தை என்னைக் கெஞ்சினாள். "மாப்ள, தெனந்தெனம் எம்மகளைக் கொல்லாதீக. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். நாளைக்கு அவளுக்குத் தெரியவா போகுது?"

ஒரு நாள் அப்படியே சொன்னேன். "புள்ள நல்லா இருக்கு தனம்."

அந்தப் பகல் முழுக்க அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். பையன் என்றால் என்ன பெயர், பெண் என்றால் என்ன பெயர் என்று எங்கள் இருவரையும் கேட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்குச் சுண்டல் எத்தனை படி ஊறப்போட வேண்டும் என்று அவளே கணக்குச் சொன்னாள். அத்தை எழுந்து போய்விட்டாள். நான் உட்கார்ந்து பதில் சொன்னேன். அவள் அழுத நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது. அதன் பிறகு நான் பொய் சொல்லவில்லை.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தைகளில், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அப்படியே செய்தேன். இது என்ன ஊர், என்ன மாதம், உனக்கு என்ன நோய், பிள்ளை இல்லை. பிறகு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். அதை டாக்டர் சொல்லச் சொல்லவில்லை. மஞ்சள் ஊசியை வேண்டாம் என்று தடுத்தது நான்.

ஏன் சொன்னேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மறந்துவிடுபவளிடம் மறைப்பது சுலபம். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்ன ஒவ்வொரு நாளும் அவள் ஒவ்வொரு மாதிரி கேட்டாள். ஒரு நாள் தண்ணீர்ச் செம்பை என்மேல் விட்டெறிந்தாள். ஒரு நாள், "எங்காத்தா சொன்னா உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கேட்டாள். இன்னொரு நாள் என் தலையைத் தடவி, "தெரியாமத்தானே செஞ்சீங்க, அழாதீங்க" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் அந்த மன்னிப்பு அவளிடம் இல்லை. எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு வந்தோம். மாத்திரை தொடர்ந்தது. கால் இரண்டையும் அகட்டி வைத்து, சுவரைத் தடவி நடந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் விழுந்துவிடுவாள் என்பதால் முகம் கழுவும்போதுகூட நான் பின்னால் நிற்பேன். ஸ்டோர் வேலையை எஸ்டேட்டில் வேறு ஆள் பார்த்துக்கொண்டான். அத்தை கைக்குத்தல் அரிசி வாங்கி வந்தாள். கஞ்சியை வடித்துக் கொட்டுவதை நிறுத்தினாள். பாசிப்பயறு, வேர்க்கடலை என்று தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது சொன்னால் நான் கோபப்பட மாட்டேன். உண்மைதான்.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. வாரக்கணக்கில் சாப்பாடு தங்காதவருக்கு, கர்ப்பிணியோ, வயிற்று ஆபரேஷன் ஆனவரோ, குடிநோயாளியோ, யாராக இருந்தாலும், குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் முன்னால் டாக்டரிடம், "பி1 போட்டாச்சா?" என்று கேளுங்கள். பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ நடை தள்ளாடினாலோ பேச்சு மாறினாலோ அதைப் பலவீனம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீபாவளி கழியட்டும் என்று இருக்காதீர்கள்.

என் உடம்பைப் பற்றி நான் முன்பு யோசித்ததே கிடையாது. இப்போது ஒரு கவளம் சோறு இறங்கும்போதெல்லாம், உள்ளே அது எத்தனை கை மாறி, எத்தனை வாசல் கடந்து, இந்த விரலை அசைக்கும் சக்தியாகிறது என்று நினைக்கிறேன். ஒரு வாசலில் ஓர் ஆள் வரவில்லை என்றால் அத்தனையும் நின்றுவிடும். யாருக்கும் தெரியாமல் இது ஒவ்வொரு நிமிடமும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்பதே எனக்கு இன்னும் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

தனத்துக்கு அந்த வருடம் தீபாவளி வரவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் அவளிடம் இல்லை, இனி வரவும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்கழியில் துண்டு துண்டாகச் சில நாட்கள் நின்றன. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி செத்ததை மறுநாள் ஞாபகமாகக் கேட்டாள். அதற்கு மறுநாள் அதுவும் போய்விட்டது. நான் மட்டும் அந்த ஐந்து வாக்கியங்களை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். "தனம், நாம ராசிங்காபுரத்துல நம்ம வீட்டுல இருக்கோம். இது தை மாசம்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்" என்றாள்.

டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "புள்ள இல்ல. மஞ்ச ஊசிய வேணாம்னது நீங்க. நேத்துத்தானே சொன்னீங்க?"

"ஆத்தே!" என்று அடுப்படியிலிருந்து அத்தை போட்ட சத்தம் கேட்டது. நான் அழுதேன். இரண்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் சந்தோஷமாகத்தான் வெளியே வந்தது. வெகு நேரம் கழித்துத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை. சத்தம் போட்டு அழவும் இல்லை. அந்தத் துக்கம் அவளுக்கு அன்று இரண்டாம் நாள் துக்கமாகியிருந்தது.

"எம்மேல கோவமா தனம்?"

"இதுக்கு முன்னாடி நான் கோவப்பட்டேனா?"

"பட்டே. செம்பை விட்டெறிஞ்ச. ஒரு நாள் மன்னிக்கவும் செஞ்ச."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அது கணக்குல வராது" என்றாள். "இனிமேத்தான் நான் கோவப்படணும்."

அவள் என்னோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. காலையில் விழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் காத்து உட்கார்ந்திருந்தேன். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டின பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குச் சாமிக்கு நன்றி சொன்ன ஆள் எங்கள் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்கு அடுத்த நாள் டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னியோட மூணு நாள் ஆச்சு, உங்ககூட பேசி."

சரியாகத்தான் எண்ணியிருந்தாள்.